போன வருஷத்துக்காரி

என் அண்ணிக்கு ஊரில் பாதிப் பேர் வைத்திருந்த பெயர் ‘ரேடியோ’. மீதிப் பேர் ‘நிறுத்தத் தெரியாத ரேடியோ’ என்றார்கள். “கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாச்சே, ஒரு வாக்கியத்தையாவது நீங்க முழுசா முடிச்சிருக்கீங்களா?” என்று அண்ணனைக் கேலி செய்யாத ஆளே கிடையாது. அண்ணன் சிரிப்பதோடு சரி. ஐஸ் ஃபாக்டரியில் எடை போடுகிறவர் அவர். நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவருக்கு அண்ணியின் பேச்சு காதுக்கு இதமாக இருந்திருக்குமோ என்னவோ.

நான் டிரைவர். சாதாரண டாக்சி இல்லை. அறுபது, எழுபது வயதான கார்களைப் பளபளவென்று துடைத்து வைத்து, அதில் விருந்தாளிகளை ஏற்றி, கடலோரச் சாலையைச் சுற்றிக் காட்டுகிற கம்பெனி ஒன்றில் வேலை. மொத்தம் மூன்று கார்கள். என்னிடம் இருந்தது தந்த நிறக் கார். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். கதவைச் சாத்தினால் பீரோ சாத்துகிற சத்தம் வரும். ரப்பர் பந்தை அமுக்கினால் வாத்து கத்துகிற மாதிரி ஹாரன். பார்க்க ராணி, குணத்தில் கழுதை. சரிவில் நிறுத்தினால் கை பிரேக்கை நம்ப முடியாது. சக்கரத்துக்கு அடியில் கல் வைக்க வேண்டும், வைத்த பிறகும் நான் பக்கத்தில் நிற்க வேண்டும். டிக்கியில் எப்போதும் கட்டி இழுக்கிற கயிறு கிடக்கும். யாரையாவது இழுக்க அல்ல, எங்களை யாராவது இழுத்துக்கொண்டு போக.

அண்ணி எங்கள் கம்பெனியில் கைடு வேலைக்கு வந்ததே நான் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வந்ததால்தான். அப்போது அவர் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குப் போகிற வழியில் டப்பாவைக் கொடுக்க ஷெட்டுக்கு வந்தார். அன்றைக்குப் பார்த்து கைடு வரவில்லை. நான்கு விருந்தாளிகள் காரில் ஏறி உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். பெரிய முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“எந்த ரோடு? கடலோரமா போற ரோடா? அது எங்கப்பா தார் ஊத்தின ரோடு. அதுல எந்தக் கல்லு எப்ப புரளும்னு எனக்குத் தெரியும்” என்றார் அண்ணி. சொன்னவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தும் விட்டார். அவருடைய அப்பா சாலை போடும் கூட்டத்தில் இருந்தவர். சின்ன வயதில் அவர் பின்னாலேயே அலைந்து வளர்ந்தவர் அண்ணி. அன்று ஏறினவர் பத்தொன்பது வருஷம் அந்த முன் சீட்டை விட்டு இறங்கவில்லை.

விருந்தாளிகளைக் கொஞ்ச மாட்டார், திட்டுவார். “இந்தச் செருப்பு விருந்துக்குப் போடறது. பாறையில வழுக்கி விழுந்தா, செருப்பு அழகா இருந்துச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கழட்டுங்க.” பெரிய அதிகாரிகளும் மறு பேச்சில்லாமல் கழற்றுவார்கள். ஊருக்குத் திரும்பிப் போய் கடிதம் எழுதுகிறவர்கள் கடலைப் பற்றி இரண்டு வரியும் அண்ணி திட்டியதைப் பற்றி இரண்டு பக்கமும் எழுதுவார்கள்.

பயணத்தில் ஐந்து நிறுத்தங்கள். நான்காவதுதான் எல்லாருக்கும் பிடித்தது. வெள்ளைச் செங்குத்துப் பாறையின் மேல் புல்வெளி, இடுப்பளவு மரவேலி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் வெறும் கடல்தான். வேலியில் இருக்கிற திறப்பு வழியாகப் பத்து அடி முன்னே போனால்தான், கடலுக்குள் நிற்கும் பாறையும் அதன் நடுவே அலை புகுந்து புகுந்து குடைந்த பெரிய ஓட்டையும் தெரியும். வெயில் சரியாக விழுந்தால் ஓட்டைக்குள் தண்ணீர் பச்சையாக எரியும். அண்ணி முதலில் தான் போய் ஓரத்தில் நிற்பார். பஸ் கண்டக்டர் மாதிரி கையை நீட்டி மறித்துக்கொண்டு, “வாங்க, பயப்படாதீங்க, நான் இருக்கேன்” என்பார். அந்தக் கையைத் தாண்டி ஒருத்தர் போனதில்லை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும், சீசன் தொடங்கும் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் போவார். குடை முனையால் ஓரம் முழுக்கக் குத்திக் குத்திப் பார்ப்பார். கம்பெனி சொல்லி அல்ல. அவருடைய அப்பா அப்படித்தான் பார்ப்பாராம்.

பெரிய முதலாளி படுக்கையில் விழுந்ததும் அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். சின்ன முதலாளி மரியாதைக்காரர். குரலை உயர்த்த மாட்டார். அவர்தான் போன வருஷம் மழைக்கு முன்னால் அண்ணியை மூன்று நாள் ஓர் அறைக்குக் கூட்டிப் போய், மைக் முன்னால் உட்காரவைத்தார்.

“புதுசா வர்ற கைடுங்களுக்கு உங்க பேச்சுதான் பாடம். நீங்க எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க” என்றார்.

அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று நாளும் வெந்நீராகக் குடித்துத் தொண்டையைக் காப்பாற்றினார். “சுவரு முழுக்கப் பஞ்சு ஒட்டி வச்சிருக்காங்க தம்பி! நான் தும்மினதக்கூட எடுத்துக்கிட்டாங்க” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடைசி நாள் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். போட்டார்.

மழை முடிந்தது. சீசனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சின்ன முதலாளி என்னை மட்டும் கூப்பிட்டார். காரின் முன்பக்கம், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள். கார் எந்த இடத்தில் இருக்கிறது என்று அதுவாகவே கண்டுபிடிக்குமாம். சாலையில் ஏறியதும் பக்கத்து சீட்டிலிருந்து அண்ணி பேசினார். சீட்டில் யாரும் இல்லை. எனக்கு ஸ்டியரிங் கை நழுவியது.

“வீட்ல இப்ப எதுவும் சொல்லிக்க வேணாம். நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்” என்றார் பின்சீட்டில் இருந்த சின்ன முதலாளி.

தலையை ஆட்டினேன். நாங்கள் ஒரே வீடு. அவர்கள் கீழே, நான் மாடி. சாப்பாடு கீழேதான். ஒரு வாரம் அண்ணி போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது.

சீசனின் முதல் நாள் காலை அண்ணி வழக்கம்போல் ஷெட்டுக்கு வந்தார். ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கதவோரம் நின்றேன். சின்ன முதலாளி பக்குவமாகத்தான் சொன்னார். காலம் மாறுகிறது என்றார். உங்கள் குரல் எங்களோடு எப்போதும் இருக்கும் என்றார். முன் சீட்டில் இனிமேல் இன்னொரு விருந்தாளி உட்காரலாம் என்றார்.

“அப்ப பாடம்னு சொன்னது?”

“அது ஒரு விதத்துல பாடம்தானே. கையெழுத்து போட்டிருக்கீங்க.”

அண்ணி மெதுவாக என் பக்கம் திரும்பினார். “தம்பி, உங்களுக்குத் தெரியுமா?”

நான் சாவியைப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது. அண்ணி நாற்காலியைப் பின்னால் தள்ளிய வேகத்தில் அது சுவரில் இடித்தது.

“வயித்துல அடிச்சவன விடுங்க. அவன் யாரோ. கூட உக்காந்து சாப்பிட்டுட்டு எப்படி தம்பி செரிச்சுது?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு என்னோடு பேச்சு நின்றது. நான் அடுப்படியில் எதிரே நிற்பேன். “உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, மேல குழாய மூடச் சொல்லி” என்று அண்ணனிடம் சொல்வார். அண்ணன் என்னைப் பார்ப்பார். நான் போய் மூடுவேன். அண்ணனுக்கு வாழ்க்கையிலேயே அவ்வளவு பேச வேண்டிவந்தது அந்த மாதம்தான்.

வீட்டில் பேசாத அண்ணி காரில் விடாமல் பேசினார். நல்ல கனமான ஷூ போட்டு வந்தவர்களையும் பெட்டி, “இந்தச் செருப்பு விருந்துக்குப் போடறது, கழட்டுங்க” என்று திட்டியது. அவர்கள் காலைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேகமாக இருக்கிற நாளில், “என்னா வெயிலு பாத்தீங்களா!” என்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி இப்படி உளறுகிறவர் அல்ல என்று பின்சீட்டுக்காரர்களிடம் யார் சொல்வது? நான் வாயில்லாப் பூச்சியாக ஓட்டினேன்.

சீசனின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அண்ணி நின்றார். உடையின் முன்பக்கம் முழுக்க மண்ணும் புல்லும். கையில் குடை, அதன் பிடிவரைக்கும் சேறு.

“சீசனுக்கு முன்னால போக முடியாமப் போச்சு. வேலை இல்லாட்டி என்ன, வழக்கத்த விட முடியல, இன்னிக்குப் போனேன். நாலாவது இடத்துல குடை பிடிவரைக்கும் உள்ள போகுது. குப்புறப் படுத்து எட்டிப் பாத்தேன். மேல புல்லு மட்டும் பாய் விரிச்ச மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. அடியில ஒண்ணுமில்ல. மழை அரிச்சிட்டுப் போயிருச்சு.” மூச்சு வாங்கியது. “அங்கதான அந்தப் பொட்டி ஆளுங்கள வரச் சொல்லுது?”

“ஆமா அண்ணி. பத்து அடி வாங்க, நான் இருக்கேன்னு.”

அண்ணியின் முகம் சிவந்து கறுத்தது. “நான் இல்லியே அங்க! இல்லாதவ எப்படி வாங்கன்னு கூப்பிடறது? நாளைக்கு அங்க வண்டிய நிறுத்தாதீங்க.”

மறுநாள் காலை சின்ன முதலாளியிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வேலை போன கடுப்பு. புரியுது. அடுத்த மாசம் இன்ஜினியர் வந்து பாப்பாரு. விளம்பரப் படம் பூரா அந்த இடம்தான். அத விட்டுட்டு எத காட்டறது?” பெட்டியில் அந்த வரியை மட்டும் எடுக்க முடியாதா என்று கேட்டேன். அதைச் செய்த ஆள் வெளியூரில் இருந்து வர வேண்டுமாம்.

நிறுத்தாமல் ஓட்டியிருக்கலாம். நிறுத்தினேன். கல்லை வைத்துவிட்டு, “வேலியத் தாண்டாதீங்க” என்று நான் முனகியது யார் காதிலும் விழவில்லை. பெட்டி கணீரென்று கூப்பிட்டது. ஆனால் வேலித் திறப்பில் அண்ணி நின்றுகொண்டிருந்தார், குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு.

“யாரும் வராதீங்க! அது சொல்றத நம்பாதீங்க!”

விருந்தாளிகள் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வயதான ஒருத்தர் கேட்டார். “ரெண்டும் ஒரே குரலா இருக்கே. நீங்கதானே அது?”

“நான்தான். ஆனா பொட்டிக்குள்ள இருக்கறவ போன வருஷத்துக்காரி. அவளுக்கு இந்த மழையப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் இன்னிக்கு உள்ளவ. நான் சொல்றேன், போகாதீங்க.”

அதற்குப் பிறகு தினமும் வந்தார். டவுன் பஸ்ஸில் வந்து, இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்து, முதல் கார் வரும் முன் வேலியில் நிற்பார். மற்ற இரண்டு டிரைவர்களும் சின்ன முதலாளியிடம் புலம்பினார்கள். ஐந்தாம் நாள் ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

“அம்மா, வியாபாரத்துக்கு இடைஞ்சல் பண்றீங்கன்னு புகார்.”

அண்ணி குடையை அவர் கையில் திணித்தார். “இடைஞ்சல்தான். நீங்களே குத்திப் பாருங்க. கால வைக்காதீங்க, கைய மட்டும் நீட்டுங்க.”

போலீஸ்காரர் குத்தினார். குடை சர்ரென்று போனது. அவர் இரண்டு அடி பின்னால் வந்து தொப்பியைக் கழற்றினார். “நான் எழுதி அனுப்பறேம்மா” என்றார். எழுதினாரா, தெரியாது. அன்றைக்கு அண்ணியைக் கூட்டிப் போகவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் சின்ன முதலாளியே என் காரில் ஏறிக்கொண்டார். பின்னால் ஒரு புதுத் தம்பதி. மாப்பிள்ளை வழி நெடுக படம் எடுத்துக்கொண்டே வந்தான். நிறுத்தத்துக்கு வந்ததும் சின்ன முதலாளி இறங்கி நேரே அண்ணியிடம் போனார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

“உங்க குரல நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க. அது கம்பெனியோடது. அத நம்பாதீங்கன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இல்ல!”

“குரல வச்சுக்க, ராசா. பாட்டுகூடப் பாட வச்சுக்க. ஆனா ‘நான் இருக்கேன்’னு வருதே, அந்த நான் யாரு? நீயா? நீ இருந்தியா இங்க ஒரு நாளாவது?”

“மரியாதையாப் பேசுங்க!”

“பத்தொம்பது வருஷம் மரியாதையாத்தான் பேசினேன்! அத எல்லாம் பொட்டியில போட்டு மூடிட்ட. மிச்சம் இதான் இருக்கு, வாங்கிக்க!”

அவரைத் திறப்பிலிருந்து நகர்த்த சின்ன முதலாளி குடையைப் பிடித்து இழுத்தார். அண்ணி விடவில்லை. இழுபறியில் இருவரும் வேலியோரமாக நான்கு அடி நகர்ந்தார்கள். நான் சக்கரத்துக்குக் கல் வைக்கக் குனிந்திருந்தேன். பெட்டி அதன் நேரத்துக்குப் பேச ஆரம்பித்தது. “வேலியத் தாண்டிப் பத்து அடி வாங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்.” மாப்பிள்ளை வேலியைத் தாண்டிப் போய்விட்டான்.

அந்தப் பெண்ணின் அலறலில்தான் நிமிர்ந்தேன். மாப்பிள்ளையின் வலது கால் தொடைவரை புல்லுக்குள் இறங்கியிருந்தது. சுற்றிலும் புல் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது. அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

“அசையாதடா!” அண்ணி குரல் கொடுத்தார். குடையைச் சின்ன முதலாளி கையிலேயே விட்டுவிட்டு ஓடினார். “எந்திரிக்காத! அப்படியே முன்னால சாஞ்சு படு! கை ரெண்டையும் விரி. விரிடா! கீழ பாக்காத, என்னப் பாரு. தம்பி, கயிறு!”

கல்லைச் சக்கரத்துக்கு அடியில் உதைத்துத் தள்ளிவிட்டு டிக்கியைத் திறந்தேன். கயிற்றின் ஒரு நுனியைக் காரில் கட்டினேன், மறு நுனியை அண்ணி பிடுங்கிக்கொண்டு குப்புறப் படுத்தார். படுத்தபடியே ஊர்ந்து போனார். ஐம்பது வயதுக்காரி. போகிறபோதும் திட்டிக்கொண்டேதான் போனார். “படம் எடுத்தது போதும், அதத் தூக்கி எறி. ம்... கைய இந்த முடிச்சுக்குள்ள விடு. இன்னொரு கை.” அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்து இழுத்தோம். கடைசியில் சின்ன முதலாளியும் வந்து பிடித்தார். கால் வெளியே வந்தபோது முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து, பாதம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அண்ணி ஊர்ந்து திரும்பின சற்று நேரத்தில், அந்த இடத்தில் பாய் அளவுக்குப் புல் காணாமல் போயிற்று. விழுந்த சத்தம்கூட மேலே கேட்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் பெட்டி, “ஓட்டைக்குள்ள தண்ணி பச்சையா எரியுது பாருங்க, என்னா அழகு!” என்று கொஞ்சிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைக்கு ஏறியது. ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கினேன். உள்ளே பேட்டரி இருக்கும்போல, நிற்கவில்லை. தரையில் அறைந்தேன். பேசியது. நான் போட்டிருந்த கோட்டைக் கழற்றி மூடி, அதன் மேல் உட்கார்ந்தேன். அடியிலிருந்தும் பேசியது.

“குடுங்க இப்படி” என்று அண்ணி வாங்கினார். “பின்னால சுவிட்ச் இருக்கு. கண்ண எங்க வச்சிருக்கீங்க?” அமுக்கினார். நின்றது. கயிறு கேட்டதைத் தவிர, அன்றைக்கு என்னிடம் பேசியது அது மட்டும்தான்.

மாப்பிள்ளையின் கால் ஐந்து மாதத்தில் சரியானது. நான்காவது நிறுத்தத்துக்கு இரும்பு வலை அடித்து மூடினார்கள். ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை’ என்று கம்பெனி பெயரோடு ஒரு பலகை. அதைப் பார்த்துவிட்டு அண்ணி சாலையிலேயே காறித் துப்பினார். ஒரு வாரம் கழித்து சின்ன முதலாளி பழங்கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பழையபடி முன் சீட்டுக்கு வரச் சொன்னார். பெட்டியும் இருக்கும், அவரும் இருக்கலாமாம்.

“ஒரு கார்ல ரெண்டு பேரா? நானும் அவளும் ஒத்துப் போக மாட்டோம்” என்றார் அண்ணி. “வேலை வேணாம். பத்தொம்பது வருஷம் இருந்தேன்னு சான்றிதழ் மட்டும் எழுதிக் குடு.”

சான்றிதழ் வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். அதில், ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்’ என்று டைப் அடித்திருந்தார்கள்.

“எனக்கு எப்ப விருப்பம் வந்துச்சு?” என்று மேஜை மேல் வைத்தார் அண்ணி.

“எல்லாருக்கும் இப்படித்தான் எழுதறது. உங்க நல்லதுக்குத்தான்.”

“என் நல்லது எனக்குத் தெரியும். மாத்து.”

இரண்டாவது தடவை ‘பணி நிறைவு பெற்றது’ என்று வந்தது. அதையும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தடவை அவரே பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, சின்ன முதலாளி அடித்தார். ‘பத்தொன்பது ஆண்டுகள் கைடாகப் பணியாற்றினார். அவருடைய பேச்சைப் பதிவு செய்துகொண்ட பின் நிர்வாகமே அவரை நிறுத்தியது.’ முத்திரை குத்தும்போது சின்ன முதலாளியின் காது சிவந்திருந்தது. இதைக் காட்டினால் எவனும் வேலை தர மாட்டான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அண்ணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு இடத்தில் தரவில்லைதான். மூன்றாவதாக பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே இப்போது பயணிகள் திட்டு வாங்கிக்கொண்டு சரியான பஸ்ஸில் ஏறுகிறார்கள். கம்பெனிப் பெட்டியில் வேறொரு பெண்ணின் குரல் வந்துவிட்டது, யாரையும் திட்டாத குரல். நான் இன்னும் அந்தக் காரைத்தான் ஓட்டுகிறேன். எனக்கு வேறு தொழில் தெரியாது.

என்னோடு அண்ணி பேசத் தொடங்கி நாலைந்து மாதம் ஆகிறது. குழாயை மூடச் சொல்வதற்கு இப்போது அண்ணன் தேவையில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்.

“அந்த ஒரு வாரம் ஏன் தம்பி வாயத் திறக்கல?”

“என்னையும் நிறுத்திடுவாங்கன்னு பயம் அண்ணி.”

“இத அன்னிக்கே ஆபீஸ் வாசல்ல சொல்லியிருந்தீங்கன்னா பத்து நாள்ல கோவம் போயிருக்கும். சாவியப் பாத்துக்கிட்டு நின்னீங்க.”

“இப்பவும் கோவமா?”

“இருக்கு” என்றார். “போகும். நாளாகும்.” குழம்புப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, அண்ணனிடம் விசாரணை ஜன்னலில் அன்றைக்கு யாரை என்ன திட்டினார் என்று சொல்ல ஆரம்பித்தார்.